ஊக்கம் எத்தனை வெள்ளி?

இந்த முறை நான் எழுத எடுத்துக்கிட்ட விஷயம் கொஞ்சம் சங்கடமானது. உடம்பு எடை. அதுவும் மாசக் கடைசியில கையில 20 வெள்ளி மட்டும் மிச்சமிருக்கிற ஒரு மாணவனோட உடம்பு எடை.

"இதுல என்னடா தத்துவம் இருக்கு? ஜிம்முக்குப் போக வேண்டியதுதானே"ன்னு நீங்க கேட்கலாம். ஆனா இதுக்குள்ள ரொம்பப் பழைய கேள்வி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. நல்லது எதுன்னு தெரிஞ்சும் மனுஷன் ஏன் அதைச் செய்ய மாட்டேங்கிறான்? 2,300 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கத்தில அரிஸ்டாட்டில் இதே கேள்வியோட மல்லுக்கட்டினார். இன்னிக்கு நம்ம விடுதியில ராத்திரி பதினொரு மணிக்கு மாமாக் கடைக்குக் கிளம்புற கூட்டத்துக்கும் இதே கேள்விதான்.

என் நண்பர்கள்கிட்ட அடிக்கடி கேட்கிற வசனம் ரெண்டு. ஒண்ணு, "மோட்டிவேஷன் வரல மச்சான்." இன்னொண்ணு, "காசு வரட்டும், அப்புறம் பார்ப்போம்." ரெண்டுமே ஏதோ வெளியூர்லேருந்து பஸ் ஏறி வரப்போற விருந்தாளி மாதிரி பேசுறோம். இந்த ரெண்டுக்கும் காத்திருக்கிறது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல நிலவரம்

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவங்க. பாதிக்கு மேல! இந்தியர்களிடையே எடைப் பிரச்சனையும் நீரிழிவும் மற்ற இனங்களைவிட அதிகம்னு இதே வரிசையில வந்த ஆய்வுகள் சொல்லிக்கிட்டே வருது. இன்னொரு விஷயம், ஆசிய மக்களுக்கு பிஎம்ஐ 23லேயே ஆபத்து கூட ஆரம்பிச்சிடுது. 170 செண்டிமீட்டர் உயரமுள்ள ஒருத்தருக்கு அது ஏறக்குறைய 66 கிலோ. நம்மில் பலர் "நான் நார்மல்தான்"னு நினைச்சுக்கிட்டிருக்கிற எடை அது.

மலேசியாவில் சிறுநீரகம் செயலிழக்கிறதுக்கு முதல் காரணம் நீரிழிவு. டயாலிசிஸ் என்றால் பொதுவா வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஏதாவது ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போய்ப் பாருங்க. அங்க உட்கார்ந்திருக்கிற மாமாக்கள், அத்தைகள் பலர் நம்ம ஆளுங்க. வேலைக்குப் போகவேண்டிய வயசில நாற்காலியில கிடக்கிறவங்களும் உண்டு. அந்தக் குடும்பத்தில யாரோ ஒரு பிள்ளை வகுப்பை விட்டுட்டு அப்பாவைக் கொண்டுவந்து விட்டிருக்கும். அதனால இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு

குண்டா இருக்கிறவன் சோம்பேறி, கட்டுப்பாடு இல்லாதவன்னு ஒரு நினைப்பு நம்ம சமுதாயத்தில இருக்கு. இது நியாயமா?

5 வெள்ளியில ஒருத்தன் வயிறு நிறையணும்னா என்ன வாங்குவான்? சோறு, மாவு, எண்ணெய், சர்க்கரை. ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். வயிறு நிறைஞ்சிடும். அதே காசுக்கு மீனும் காய்கறியும் பழமும் கேட்டுப் பாருங்க, தட்டு பாதிகூட நிறையாது. நம்ம நாட்டில ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் பல வருஷமா உதவித்தொகையோட 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்குது. சர்க்கரைக்கும் விலைக் கட்டுப்பாடு உண்டு. ஏழைக்கு உதவத்தான் இதெல்லாம், தப்பு சொல்லல. அதே அரசாங்கம்தான் 2019 ஜூலை 1 முதல் இனிப்பு பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரியும் போட்டது. ஒரு கை சர்க்கரையைக் கொடுக்குது, இன்னொரு கை பிடிச்சு இழுக்குது. நடுவுல நிக்கிறவன் நாம. ஆக, ஒருத்தன் எடை கூடினதுக்கு அவன் மட்டும் குற்றவாளி இல்லை.

ஆனா இங்கதான் நாம ஒரு தப்பான முடிவுக்குத் தாவிடுறோம். "என் குற்றம் இல்லை, அதனால என் வேலையும் இல்லை"ன்னு. 2021 டிசம்பர் வெள்ளத்தில ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கினதை ஞாபகம் வச்சுக்குங்க. வீட்டுக்குள்ள சேறு வந்தது அந்த வீட்டுக்காரங்க குற்றமா? இல்லை. ஆனா சேற்றை அள்ளினது யாரு? அவங்களும், உதவிக்குப் போன இளைஞர்களும்தான். அன்னிக்கு மண்வெட்டியைத் தூக்கின யாரும் "எனக்கு மோட்டிவேஷன் வரட்டும்"னு காத்திருக்கல. வீடு நம்முடையது, அவ்வளவுதான் காரணம். உடம்பும் அப்படித்தான்.

எந்தக் காரணம் கடைசிவரை வரும்?

சரி, பொறுப்பு நம்முடையதுன்னு ஒத்துக்கிட்டோம். எதை நினைச்சு ஆரம்பிக்கிறது? பொதுவா மூணு காரணம் கையில இருக்கு.

முதலாவது, வெட்கம். கல்யாண வீட்டுக்குப் போனா போதும், பசியாறினியான்னு கேட்கிறதுக்கு முன்னாடியே "என்னப்பா இப்படி ஊதிட்டே"ன்னு கேட்க ஒரு பெரியம்மா இருப்பாங்க. பாசத்தில சொல்றாங்க, சரி. ஆனா வெட்கம் மனுஷனை ஒழுங்கா சாப்பிட வைக்கிறதைவிட ஒளிஞ்சு சாப்பிடத்தான் வைக்கும். அப்புறம் வெட்கப்படுறவன்தான் குறுக்கு வழிக்கு முதல்ல விழுவான். "பத்து நாளில் பத்து கிலோ"ன்னு வலைத்தளத்தில விக்கிற காப்பி, மாத்திரை எல்லாம் அவனுக்காகத்தான். இந்த மாதிரிப் பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருக்கிறதா நம்ம சுகாதார அமைச்சு பலமுறை எச்சரிச்சிருக்கு. இதய ஆபத்து காரணமா 2010லேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்ட மருந்து அது. காசில்லாதவன் இருக்கிற காசையும் கொடுத்து நெஞ்சுவலி வாங்குற கதை.

ரெண்டாவது, அழகு. இதைக் கேவலம்னு சொல்ல மாட்டேன். இந்த வயசில எல்லாருக்கும் ஆசை இருக்கும். ஆனா பட்டமளிப்பு விழா முடிஞ்சு, படமும் எடுத்தாச்சுன்னா அந்தக் காரணமும் முடிஞ்சுபோச்சு.

மூணாவது, பயம். இரத்தப் பரிசோதனை முடிவு வர்ற வாரம் எல்லாரும் யோகிதான். முடிவு நல்லா வந்துட்டா அன்னிக்கே கொண்டாட பிரியாணி!

மூணுக்கும் பொதுவா ஒரு குறை இருக்கு. மூணுமே உணர்ச்சி. உணர்ச்சி வரும், போகும். அதை நம்பி ஆறு மாச வேலையை ஒப்படைக்க முடியாது.

நம்மகிட்ட ஏற்கனவே இருக்கிற ஒண்ணு

இப்போ ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற நம்ம பசங்க, பல நாள் விரதம் இருக்காங்க. சிலர் 48 நாள்கூட. அசைவம் இல்லை, மது இல்லை, புகை இல்லை. சிலர் ஒரு வேளைதான் சாப்பிடுவாங்க, தரையில படுப்பாங்க. வருஷம் பூரா "வாயைக் கட்ட முடியாது"ன்னு சொன்ன அதே பையன்தான். யாரும் அவனுக்கு மோட்டிவேஷன் வகுப்பு எடுக்கல. ஒரு காசு செலவும் இல்லை.

அப்போ நமக்கு மனவுறுதி இல்லைன்னு சொல்றது பொய். இருக்கு. அதுக்கு ஒரு உருவம் கொடுத்தா வெளிய வருது. அந்த உருவத்தை ஒரு பொறியியல் மாணவனா பிரிச்சுப் பார்த்தேன். நாலு பாகம் தெரியுது. தேதி இருக்கு: இன்னிக்குத் தொடக்கம், அன்னிக்கு முடிவு. விதி தெளிவா இருக்கு: "கொஞ்சமா சாப்பிடு" இல்லை, "இது கிடையாது" அவ்வளவுதான். கூட்டம் இருக்கு: வீட்டில அம்மாவும் சேர்ந்து சைவம் சமைப்பாங்க, நண்பர்களும் வற்புறுத்த மாட்டாங்க. கடைசியா, காரணம் தன்னைவிடப் பெரிசா இருக்கு. இன்னிக்கு மனசு எப்படி இருக்குன்னு விரதக்காரன் தன்னையே கேட்டுக்கிறதில்லை. வாக்கு கொடுத்தாச்சு, முடிஞ்சுது.

இங்க ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். "சாமியை டயட் கோச் ஆக்கப் பார்க்கிறியா? விரதம் மனசுக்காக, இடுப்பளவுக்காக இல்லை." இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். தைப்பூச விரதத்தை எடை குறைக்கிற திட்டமா மாத்தினா அதோட அர்த்தம் போயிடும், உண்மைதான். ஆனா நான் கேட்கிறது வேற. விரதத்தில கத்துக்கிட்ட கட்டுப்பாட்டை, காவடி இறக்கின மறுநாளே ஏன் கோயில் வாசல்ல விட்டுட்டு வர்றோம்? உடம்பைக் கோயில்னு பாடின திருமூலர் வழிவந்தவங்க நாம. பகவத் கீதையோட 6ஆம் அத்தியாயமும் அளவுக்கு மீறின சாப்பாடு, பட்டினி ரெண்டும் யோகத்துக்கு உதவாதுன்னுதான் சொல்லுது. தைப்பூசம் வருஷத்துக்கு ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் அந்தக் கோயிலை யார் கூட்டிப் பெருக்குறது?

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நம்ம ஆளுங்க நினைப்பு, "நிறைய ஓடினா எது வேணா சாப்பிடலாம்" என்பது. பத்துமலையை வச்சே ஒரு கணக்கு. மொத்தம் 272 படி. ஒரு படி 16 செண்டிமீட்டர்னு வச்சா, உயரம் சுமார் 43 மீட்டர். 80 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்க 34 கிலோஜூல் வேணும். நம்ம தசையோட திறன் கால்வாசின்னு எடுத்துக்கிட்டா, உடம்பு எரிக்கிறது ஏறக்குறைய 33 கலோரி. கெட்டிப்பால் போட்ட ஒரு தே தாரிக் 150 கலோரிக்கு மேல வரும். அதாவது ஒரு கிளாஸ் டீக்கு நாலு அஞ்சு தடவை பத்துமலை ஏறணும்!

மனசை உடைக்க இதைச் சொல்லல. இதில ஏழைக்கு ஒரு நல்ல செய்தி இருக்கு. எடை குறையிற வேலையில பெரும்பங்கு தட்டிலயும் கிளாஸிலயும் நடக்குது, ஜிம்மில இல்லை. ஜிம்முக்குக் காசு கட்டணும். தே தாரிக்கை விட்டா காசு மிச்சம். நாளைக்கு ஒரு கிளாஸ், 2 வெள்ளி 50 காசுன்னா மாசம் 75 வெள்ளி. கலோரிக் கணக்கில 4,500க்கு மேல. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரின்னு சொல்வாங்க, அப்படிப் பார்த்தா அரைக் கிலோவுக்கு மேல. உடம்பு கால்குலேட்டர் மாதிரி நேர்கோட்டில போகாது, ஆனா திசை மாறாது.

அதுக்காக நடக்காம இருக்கக் கூடாது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது, அதுவும் இலவசம். விடுதியில மின்தூக்கியை விட்டுட்டுப் படி ஏறுங்க.

தட்டு விஷயத்தில சுகாதார அமைச்சோட 'சுக்கு சுக்கு செப்பாரோ' போதும்: தட்டில கால்வாசி சோறு, கால்வாசி மீன், கோழி, முட்டை, பருப்பு மாதிரி புரதம், பாதி காய்கறியும் பழமும். கலப்புச் சோறு கடையில "நாசி செப்பாரோ"ன்னு சொல்லக் கூச்சப்படாதீங்க. மிச்சமாகிற காசுக்கு ஒரு கரண்டி சாவி கீரை. முட்டை, தெம்பே, தவ்ஹு, பருப்பு இதெல்லாம் கோழியைவிட மலிவான புரதம். டீ வேணும்னா தே ஓ கோசோங். சாப்பாட்டையே தவிர்க்கிறது மட்டும் வேணாம். பட்டினி கிடந்தவன் ராத்திரி எப்படிச் சாப்பிடுவான்னு நமக்குத் தெரியும். நீரிழிவுக்கோ வேற நோய்க்கோ மருந்து எடுக்கிறவங்க முதல்ல கிளினிக்கில கேட்டுட்டு ஆரம்பிங்க.

அம்மா போடுற ரெண்டாவது கரண்டி

கடைசியா, எனக்கு இதில ரொம்பக் கஷ்டமான பகுதி. நம்ம வீட்டில சாப்பாடு பாசத்தோட மொழி. செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனா அம்மா "ஹாஸ்டல்ல என்னத்த சாப்பிட்டியோ"ன்னு ரெண்டாவது கரண்டி சோறு போடுவாங்க. வேண்டாம்னு சொன்னா அவங்க முகம் வாடும். கோயில் அன்னதானத்திலயும் அப்படித்தான். மாசக் கடைசியில நம்மில் பலருக்கு அது பெரிய உதவி. இலையில விழுந்த அன்னத்தை வீணாக்கக் கூடாது என்பதும் நம்ம தர்மம். அப்போ என்ன பண்றது?

என் பதில் இதுதான். அன்னத்துக்கு மரியாதை, வாங்கும்போதே அளவா வாங்கிறதிலதான் இருக்கு. போட்ட பிறகு திணிச்சுக்கிறதும் ஒருவகை வீணடிப்புதான், குப்பைத்தொட்டி மட்டும் இடம் மாறுது. அன்னதானத்தில "அண்ணே, பாதி போதும்"னு இலைக்கு மேல கையைக் காட்டலாம். அம்மாகிட்ட வெறுமனே "வேண்டாம்"னு சொல்றதைவிட, "அம்மா, கீரைக் கூட்டு இன்னும் கொஞ்சம் போடுங்க, நீங்களும் வாங்க, சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு நடப்போம்"னு சொல்லிப் பாருங்க. அவங்களுக்கும் சர்க்கரை இருக்கலாம். அவங்க பாசத்தை மறுக்கல, அதே பாசத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

நான் மேல கேட்ட காரணம் இங்கதான் கிடைக்குதுன்னு நினைக்கிறேன். வெட்கம், அழகு, பயம் மூணும் "என்னை யார் எப்படிப் பார்ப்பாங்க, எனக்கு என்ன ஆகும்" என்பதோட நின்னுடுது. நாளைக்கு அப்பா அம்மாவைத் தூக்கி நிறுத்த நம்ம உடம்பு நிக்கணும், நம்ம பிள்ளை வகுப்பை விட்டுட்டு நம்மை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிற நிலைமை வரக்கூடாது என்ற நினைப்பு, நம்மைத் தாண்டிப் போகுது. அது தினமும் நெஞ்சில பொங்கணும்னு இல்லை. ஒரு நாள் வாக்கா கொடுத்துட்டா போதும்.

அதனால நண்பர்களே, நம்ம கிளைக் கூட்டங்களில் நாலு பேர் சேர்ந்து ஒரு முடிவு எடுக்கலாமே. ஒரு தேதி, ஒரு விதி, 48 நாள். இனிப்பு பானம் இல்லை என்பதே முதல் விதியா இருக்கட்டும். கூட்டத்தில கொடுக்கிற சர்பத்துக்குப் பதிலா தண்ணீர் வைக்கிறதிலேருந்து ஆரம்பிக்கலாம். செலவு? கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், ஒரு காசும் இல்லை.