சாட்சியின் மீது பழி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களைச் சுமந்து செல்லும் ஜீப்புகள் காலைத் தொழுகை முடிவதற்குள் அவ்வழியே ஏறத் தொடங்கிவிடும். அவ்வளைவுகளில் ஒன்றில்தான், பல்லாண்டுகள் நம் குடும்பத்தைச் சுமந்த பழைய பெட்ரோல் காரின் முகப்பில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரிந்தது. விற்றுவிட எண்ணியிருந்த வண்டி அது. ஆகவே நமக்கு முதலில் தோன்றியது பழுதை அறிய வேண்டும் என்பதன்று. விளக்கை அணைக்க வேண்டும் என்பதே. இதை எழுதுவதற்கு நாணமாகத்தான் இருக்கிறது.

அந்த விளக்கை எரியச் செய்தது ஆக்சிஜன் சென்சார் கொடுத்த செய்தி. என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதே அதன் பணி. பீங்கான் போன்ற ஸிர்கோனியாவால் ஆன அதன் நுனியின் ஒரு புறம் புகையையும் மறுபுறம் வெளிக்காற்றையும் தொட்டிருக்கும். ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும், இருபுறத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படும். பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும். காற்று மிகுந்தால் 0.1 வோல்டுக்கு இறங்கும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதே சரியான நிறை. அந்த நிறையைத் தேடி இந்த எண் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். வண்டியின் கணிப்பொறி அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ஆக்கிய இக்கருவி 1976-இல் வோல்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் 2000-இல் ஈயமற்ற பெட்ரோல் எங்கும் வந்த பிறகே இது பரவ வழி பிறந்தது. ஈயம் இதன் நுனியைக் கெடுத்துவிடும்.

முதலில் நாம் சென்ற பட்டறையில் கணிப்பொறியின் குறியீட்டைப் படித்தார்கள். 'காற்று மிகுதி' என்றது குறியீடு. சொன்னவன் சென்சார், ஆகவே அவனை மாற்று என்று தீர்ப்பாயிற்று. புதியது பொருத்தப்பட்டது, பணமும் கொடுத்தோம். பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது மட்டுமே நாம் செய்த புத்திசாலித்தனம். மூன்று வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது.

மலையடிவாரத்தில் வேறொரு முதியவரிடம் சென்றோம். அவர் எதையும் கழற்றவில்லை. என்ஜினை நன்கு சூடேறவிட்டு, சென்சாரின் கம்பியில் மல்ட்டிமீட்டரை இணைத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றிழுக்கும் சிறு ரப்பர் குழாய் ஒன்றைப் பிடுங்கினார். எண் உடனே சரிந்தது. குழாயைச் செருகி ஆக்சிலேட்டரைச் சட்டென அழுத்தினார், உடனே ஏறியது. "பாய், இவன் ஒழுங்காத்தான் சொல்றான். காத்து வேற எங்கேயோ நுழையுது" என்றார். மறுநாள் காலை, குளிர்ந்த என்ஜினை இயக்கியபோது எழுந்த 'டிக் டிக்' ஒலியைக் காதால் தொடர்ந்து போய், மேனிபோல்டு என்ஜினோடு சேருமிடத்தில் கேஸ்கட் விட்டிருப்பதைக் காட்டினார். ஓரத்தில் கரிக்கோடு படிந்திருந்தது. அவ்வழியே புகுந்த வெளிக்காற்றைத்தான் சென்சார் கண்டிருக்கிறது. அதைக் கேட்ட கணிப்பொறி வேண்டாத பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. நமக்குப் பின்னே திறந்த ஜீப்பில் வந்த தோட்டப் பெண்கள் அந்த நச்சுப் புகையைச் சுவாசித்திருக்கிறார்கள்.

சாட்சி பொய் சொல்லவில்லை. தான் கண்ட ஆக்சிஜனை அது கண்டபடியே சொன்னது. பெட்ரோல் குறைவு என்பது கணிப்பொறியின் அனுமானம். ஸ்பார்க் பிளக் தீப்பொறி தவறினாலும் இப்படித்தான்: எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியேறும், சென்சார் ஆக்சிஜனை மட்டுமே அறியும். கண்டதைச் சொல்வது சாட்சியின் கடமை. அதிலிருந்து முடிவு காண்பது காழியின் பொறுப்பு. காழி சோம்பினால் பழி சாட்சியின் தலையில் விழுகிறது. அலுவலகத்திலும் ஜமாஅத்திலும் குடும்பத்திலும் இதை நாம் காணாமலா இருக்கிறோம்?

பெரியவர் அதோடு விடவில்லை. பழைய சென்சாரை வைஸில் பிடித்து, கேஸ் விளக்கின் சுடரை அதன் நுனியில் காட்டினார். எண் 0.8 வரை ஏறியது. சுடரை விலக்கியதும் சட்டென விழ வேண்டியது, தயங்கித் தயங்கி இறங்கியது. அதுவும் முதுமை கண்டிருந்தது உண்மை; மாற்றியது முற்றிலும் வீணன்று. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட காரியத்தில் அது நிரபராதி.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த வேறுபாட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பேணினார்கள்! அறிவிப்பாளரின் நேர்மை வேறு, நினைவாற்றலின் துல்லியம் வேறு என்று பிரித்தார்கள். கூஃபாவின் அதா இப்னு ஸாயிப் முதுமையில் நினைவு தடுமாறினார். அவரைப் பொய்யர் என எவரும் ஒதுக்கவில்லை. அவரிடம் முன்னரே கேட்ட ஷுஅபா, ஸுஃப்யான் ஸவ்ரீ போன்றோர் வழியே வந்தவற்றை ஏற்று, பின்னர் கேட்டவர்களுடையதில் தயக்கம் காட்டினார்கள். ஒரு மனிதரைத் தள்ளிவிடாமல், அவர் சொல் எதுவரை செல்லும் என்று அளந்தார்கள்.

இனி, விளக்கை அணைக்கும் விஷயம். சென்சாரைப் புகையின் பாதையிலிருந்து சற்று வெளியே இழுத்து நிறுத்தும் துண்டுக்குழாய் விற்கிறது. எப்போதும் 'நலம்' என்றே சொல்லும் போலி மின்சுற்றும் உண்டு. 2015-இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனையின்போது மட்டும் புகையை அடக்கும் மென்பொருளை ஏறத்தாழ 1.1 கோடி டீசல் வண்டிகளில் வைத்திருந்தது வெளிவந்தது. அளவில்தான் பெரிது, நாம் கேட்க நினைத்ததும் அதே வகைதான். இவ்வூர் மக்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஏலக்காய் ஏலத்தில் பச்சை நிறத்துக்கு விலை அதிகம் என்பதால் சாயம் ஏற்றுவோர் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மஞ்சள் விளக்கு அந்த ஈரத்தைத்தான் மேலே கொண்டுவந்து வைத்தது.

கேஸ்கட் மாற்றிய பின் விளக்கு தானே அணைந்தது. வாங்க வந்தவரிடம் இரண்டு செய்திகளையும் சொன்னோம். விலையில் மூவாயிரம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். போகும்போது கேஸ்கட் வாங்கிய ரசீதோடு பழைய சென்சாரையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.