ஓரத்தில் நடந்தது

பாஸ்டன் நகரத்து இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில், போத்திச்செல்லி 1500 வாக்கில் வரைந்த லுக்ரீசியா ஓவியம் இருக்கிறது. நேரில் பார்த்ததில்லை. ஆபீசில் பில்ட் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே பலகையில் மூன்று காட்சிகள். இடப்பக்கம் அரசன் மகன் கத்தியோடு அவளை மிரட்டுகிறான். வலப்பக்கம் வீட்டார் கைகளில் சரிகிறாள். நடுவில், ஊர்ச் சதுக்கத்தில், மார்பில் கத்தியோடு அவள் உடல் கிடக்கிறது. அதற்கு மேலே நின்று புரூட்டஸ் பேசுகிறான், சுற்றிலும் வாள்கள். அவளுக்கு நடந்தது ஓரத்தில். அவள் பிணம்தான் நடுவில்.

லிவி எழுதிய கதையில், கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலுக்கு அவள் பணியவில்லை. ஓர் அடிமையைக் கொன்று உன் பக்கத்தில் கிடத்திவிடுவேன், அவனோடு இருந்தபோது பிடிபட்டாய் என்று ஊர் பேசும் என்றான் அவன். அதற்குத்தான் பணிந்தாள். மறுநாள் அப்பாவும் புருஷனும் எவ்வளவோ சொல்கிறார்கள், மனசு சம்மதிக்காத இடத்தில் குற்றம் இல்லை என்று. அவள் கேட்கவில்லை. தன்னைக் காட்டி இன்னொருத்தி நெறி தவறி வாழ்ந்துவிடக்கூடாது என்கிறாள். அப்புறம் கத்தி. அந்தச் சாவை வைத்து ரோமில் மன்னராட்சியே முடிந்தது, கி.மு. 509 என்பது மரபுக் கணக்கு.

கி.பி. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது வன்கொடுமைக்கு ஆளான கிறிஸ்தவப் பெண்களைப் பார்த்து, 'லுக்ரீசியா மாதிரி ஏன் சாகவில்லை?' என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாகத்தான் அகஸ்டின் அவளைக் கூண்டில் ஏற்றினார். அவள் நிரபராதி என்றால் ஏன் கொல்லப்பட வேண்டும்? குற்றவாளி என்றால் ஏன் புகழ வேண்டும்? ஈரமே இல்லாத கேள்வி என்று முதலில் எரிச்சல் வந்தது. செத்தவளிடம் கறாராக இருக்கிறார். ஆனால் அதை உயிரோடு இருக்கிறவர்களுக்காகக் கேட்டிருக்கிறார்.

எனக்கு அத்தை ஞாபகம் வந்தாள்.

சங்கரன்கோவிலில் நான் ஆறாவது படிக்கும்போது, ரெண்டு பிள்ளைகளோடு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவுக்குத் தங்கச்சி. அம்மா கதவை ஒன்றும் சாத்தவில்லை. ஆனால் உலையில் அரிசி போடும்போது அளவு பார்ப்பாள், சத்தமாக. ஆச்சியிடம் பெரிய எழுத்து நல்லதங்காள் கதைப் புத்தகம் இருந்தது. சாயங்காலம் ராகம் போட்டு வாசிப்பாள். பன்னிரண்டு வருஷப் பஞ்சம், ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு, மதினி மூளி அலங்காரி, கடைசியில் கிணறு. தெருப் பொம்பளைகள் மூக்கைச் சிந்துவார்கள். அத்தை பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பாள். "நல்லதங்கா மாதிரி, வாய் தொறக்க மாட்டா" என்று அவளைப் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்று யாராவது யோசித்திருப்பார்களா?

பஞ்சத்தை அந்தக் கதை விசாரிப்பதில்லை. பழி மொத்தமும் மதினி தலையில். ரோமிலாவது ஒரு ராஜா போனான். இங்கே இன்னொரு பொம்பளைக்குத் தண்டனை, அதோடு கதை சரி.

அத்தை நாலாம் மாசம் விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள். தனியாக ஓர் அறை பிடித்தாள். "இவ்வளவு ரோஷமா?" என்று எங்கள் வீட்டிலேயே பேசினோம். நானும்தான் பேசினேன். அழுதுகொண்டே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கும் போல.

போன வருஷம் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்துக்குப் போனேன். நல்லதங்காள் அங்கே சாமி. கோயிலும் கிணறும் இருக்கின்றன. எனக்குள் ஒரு மன்னிப்பு மாதிரி ஏதோ இருந்தது, அதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அத்தை கும்பிட்டாள். திருநீறு பூசிக்கொண்டாள். கிணற்றுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். ஆச்சி வாசித்த கதையில், மூத்த பையன் பயந்து ஓடுவான். மேய்ச்சலுக்கு வந்தவர்கள் பிடித்து அம்மாவிடமே ஒப்படைத்துவிடுவார்கள்.

"ஏய்யா, அந்தப் பெரியவன் தப்பிச்சு ஓடுனான்லா?" என்றாள். "அவன எதுக்குப் புடிச்சுக் குடுத்தாங்க?"

காருக்குத் திரும்பி நடக்கும்போது, டீ குடிக்கலாமா என்று கேட்டேன்.