திறமையும் அதன் பயனும்

மென்பொருள் ஆக்கும் தொழிலில் நல்ல ஊதியம் பெறும் ஒருவர் அதனைத் துறந்து உயிர்த்தகவலியல் ஆய்வுக்குச் செல்வாராயின், எங்கள் இறுப்பிட்டியில் அவரைப் பித்தர் என்போரும் இருப்பர். தியாகி என்போரும் இருப்பர். இவ்விரு தீர்ப்புகளும் ஆராயத்தக்கவை.

உயிரணுக்களில் பொதிந்துள்ள மரபுச் செய்தியைக் கணினியின் துணைகொண்டு ஆராய்வதே உயிர்த்தகவலியலின் முதற்பணி. மனித மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளாலானது. அதனைச் சிறுசிறு துண்டுகளாகவே வாசிக்க முடிந்தது. அத்துண்டுகளை வரிசைப்படுத்தக் கணினி நிரல் வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டில் இப்பணியில் இரு தரப்பினர் போட்டியிட்டனர். பொதுப்பணத்திலும் அறக்கொடையிலும் இயங்கிய பன்னாட்டுத் திட்டம் ஒன்று. செலேரா என்னும் தனியார் நிறுவனம் மற்றொன்று. அசைபட மென்பொருள் எழுதிவந்த ஜிம் கென்ட், அத்தொழிலை விட்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் உயிரியல் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருந்தார். மனித மரபணுக்கள் தனியார் காப்புரிமைக்குள் அகப்பட்டுவிடும் என்று அவர் அஞ்சினார். நான்கே வாரங்களில் ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்ட நிரலை எழுதித் துண்டுகளை இணைத்தார். யூலை 7ஆம் நாள் அவ்வரைவு இணையத்தில் உலகினர் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது.

செலேராவிலும் கணினி வல்லுநர் இருந்தனர். அவர்களது திறமையும் குறைந்ததன்று. ஆகவே ஆய்வுக்குச் சென்றுவிட்டதனால் மட்டும் ஒருவரது செயல் அறமாகிவிடாது. விளைந்த அறிவு யார் கைக்குச் சேர்கிறது என்பதே உரைகல். நன்னீர் அரிதான தீவில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கிணறு வெட்டியவன் கூலி கேட்பது நியாயம்; ஊற்றுக்கே உரிமை கேட்பது அநியாயம். இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2013இல் தீர்ப்பளித்தது.

இனித் தியாகம் என்னும் சொல்லுக்கு வருவோம். ஆய்வு மாணவரின் உதவித்தொகை சிறிது, காலமோ நெடிது. தங்கையின் படிப்பும் தாயின் மருந்தும் தன் சம்பளத்தை நம்பியிருக்க, மென்பொருள் நிறுவனத்திலேயே தங்கிவிடும் இளைஞனைத் தன்னலக்காரன் என்று பழிப்பது கொடுமை. தனிமனிதரின் தியாகத்தை நம்பி அறிவியலை நடத்தும் சமுதாயம், தன் கடமையை ஏழை வீட்டுப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிறது. அந்நிலையில் வசதி படைத்தோர் பிள்ளைகளுக்கே ஆய்வுக்கூடத்தின் கதவு திறக்கும்.

நம் மாணவரிடம் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்கும் நாம், "யாருக்குப் பயன்?" என்றும் கேட்கப் பழகவேண்டும். அவ்வாறு கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமாயின், அவர்கள் பசியின்றி ஆராய்வதற்குப் போதிய உதவித்தொகையை அரசிடமும் பல்கலைக்கழகங்களிடமும் கோரிப் பெறுவது நமது கடனாகும்.