விழுபவர் யார்?

மேடையில் மன்னனாக நிற்பவன் மன்னன் அல்லன். மேடையில் மடிபவன் மடிவதும் இல்லை. நடிப்புக் கலையின் இந்த ஒப்பந்தத்தை நாம் அனைவரும் அறிவோம். அதனால் ஏமாற்றப்பட்டதாக எவரும் வருந்துவதில்லை. ஆனால் திரையில் ஒருவன் உண்மையாகவே விழுகிறான் என்றால்? விழுபவன் ஒருவனாகவும், அவ்வீரத்திற்குரிய புகழைப் பெறுபவன் வேறொருவனாகவும் இருந்தால், அங்கே நீதி நிலைக்கிறதா? அமெரிக்க நாட்டின் பழைய 'கௌபாய்' படங்கள் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

1930களிலும் 1940களிலும் மோனோகிராம், ரிபப்ளிக் முதலிய சிறு நிறுவனங்கள் இத்தகைய படங்களைக் குறைந்த செலவில், மிகக் குறுகிய நாள்களில் எடுத்துக் குவித்தன. கதை ஏறக்குறைய ஒன்றே: நல்லவன் ஒருவன், கொள்ளையர் கூட்டம் ஒன்று, குதிரைத் துரத்தல், இறுதியில் கைகலப்பு. கதாநாயகர்கள் மாறினர். ஆனால் அவர்களைச் சுற்றி நின்ற முகங்கள் பெரும்பாலும் மாறவில்லை. படத்திற்குப் படம் அடி வாங்கிய அதே தீயவர்கள், சிரிக்க வைத்த அதே கிழவர்கள், நாம் 'டூப்' என்று வழங்கும் அதே மாற்று நடிகர்கள்!

ராய் பார்க்ராஃப்ட் என்பவர் ரிபப்ளிக் நிறுவனத்தின் நிலையான வில்லன். 1943 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்நிறுவனத்தின் ஒப்பந்த நடிகராக இருந்து, எத்தனையோ முறை திரையில் தோற்றார், சுடப்பட்டார், சிறைப்பட்டார். சிறுவர்கள் அவரை வெறுத்தனர். ஆனால் உடன் பணியாற்றியோர் அவரைப் பண்பும் கனிவும் மிக்க மனிதராகவே நினைவுகூர்ந்தனர். பல்லில்லாத, தாடி வளர்ந்த, முரட்டுப் பேச்சுக் கிழவராகத் தோன்றிய 'கேபி' ஹேய்ஸோ, படப்பிடிப்புக்கு வெளியே நேர்த்தியாக உடுத்துபவர், நிறைய நூல்களைக் கற்றவர். கதையில் நன்மை ஒளிர வேண்டுமெனில் இருளாக நிற்க எவரேனும் இசைய வேண்டும். பிறருடைய வெறுப்பையும் நகைப்பையும் ஊதியமாக ஏற்ற இவர்களது பணியில் ஒரு தன்மறுப்பு உண்டு என்பதை எவர் மறுக்கக்கூடும்?

இவர்களுக்காவது முகம் இருந்தது. மாற்று நடிகருக்கோ முகமே இல்லை. அவருடைய முகம் தெரிந்துவிட்டால் அந்தக் காட்சி வீண்.

அவர்களுள் தலைசிறந்தவர் யக்கிமா கனட் (1895-1986). வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்து, குதிரையேற்றப் போட்டிகளில் வாகை சூடியவர். பின்னர் திரைக்கு வந்து, மோனோகிராம் வெளியிட்ட படங்களில் இளைஞர் ஜான் வெய்னுடன் சேர்ந்து உழைத்தார். ஒரே படத்தில் வில்லனின் அடியாளாக முகம் காட்டி, நாயகனுக்காக முகம் மறைத்துக் குதிப்பதும் உண்டு! ஜான் ஃபோர்டு 1939-இல் உருவாக்கிய 'ஸ்டேஜ்கோச்' படத்தில், பாய்ந்தோடும் குதிரைகளின் மேல் தாவும் பழங்குடி வீரராக வருகிறார். சுடப்பட்டு அவற்றின் நடுவே தொங்குகிறார். பிடியை விட்டதும் குதிரைகளும் வண்டியும் அவரைக் கடந்து ஓடுகின்றன. அதே துரத்தலில் நாயகன் வெய்னுக்காகக் குதிரைக்குக் குதிரை தாவியவரும் அவரே. புகழ் வெய்னைச் சேர்ந்தது.

இதை அநீதி என்று உடனே கூறிவிடலாமா? மறைவான உழைப்பை நம் திருமறை தாழ்த்துவதில்லை. இடக்கை அறியாமல் வலக்கை செய்வதே சிறப்பு என்பது ஆண்டவரின் படிப்பினை. நாசரேத்தின் முப்பது ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியாளர்கள் எழுதியது சில வரிகளே. ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். தானே விரும்பி ஏற்கும் மறைவு தாழ்ச்சி; பிறர் தம் நலனுக்காகச் சுமத்தும் மறைவு சுரண்டல். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், முன்னதன் பெயரைச் சொல்லிப் பின்னதை நியாயப்படுத்துவது எளிது. "அவர் புகழை விரும்பாதவர்" என்று நாம் ஒருவரைப் போற்றும்போது, அவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டோமா என்பதையும் கேட்டாக வேண்டும்.

உரியதைக் கொடாமை உயிரையே கேட்கும் நேரமும் உண்டு. 1958-இல் லூசியானாவில் 'தி ஹார்ஸ் சோல்ஜர்ஸ்' படப்பிடிப்பின்போது, ஃப்ரெட் கென்னடி என்னும் அனுபவமிக்க ஸ்டண்ட் நடிகர் குதிரையிலிருந்து விழும் காட்சியில் கழுத்து முறிந்து மாண்டார். இயக்குநர் ஃபோர்டு நிலைகுலைந்துபோனார். வாயில்லா உயிர்களும் தப்பவில்லை. ஓடும் குதிரையின் கால்களைக் கம்பியால் இழுத்து வீழ்த்தும் முறை அன்று பரவலாக வழங்கியது. 1939-இல் வெளிவந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்திற்காகப் பாறையின் உச்சியிலிருந்து நீரில் வீழ்த்தப்பட்ட குதிரை இறந்ததும் எழுந்த கண்டனமே, விலங்குகளைக் காக்கும் கண்காணிப்புக்கு வழிவகுத்தது. 1981-இல் வெளியிட்ட 'மனித உழைப்பு' பற்றிய திருமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளில் அன்று, செய்யும் மனிதரிடத்தில் அடங்கியுள்ளது என்று விளக்கினார். இந்த ஒழுங்கு தலைகீழாகும்போது, காட்சிக்காக மனிதர் என்றாகிவிடுகிறது.

கனட்டின் வாழ்வில் நம் சிந்தனைக்குரிய பகுதி இங்கேதான் தொடங்குகிறது. குதிரைகளைக் கம்பியால் வீழ்த்தும் முறையைத் தாமும் கையாண்ட அவர் குற்றமற்றவர் அல்லர். ஆனால் தாம் விழுந்து கற்றதைப் பிறர் விழுகையில் காயப்படாதிருக்கப் பயன்படுத்தினார். விழுபவரின் கால் சிக்காமல் விடுபடும் சேண மிதியை அமைத்தார். குத்து முகத்தில் படாமலே பட்டதுபோல் தோன்ற, கேமராவின் கோணத்தைக் கொண்டு சண்டையிடும் முறையை வெய்னுடன் சேர்ந்து வகுத்தார். 1959-இல் வந்த 'பென்ஹர்' படத்தின் தேர்ப்பந்தயத்தை அவர் நெறிப்படுத்தியபோது, நாயகனுக்கு மாற்றாகத் தேரோட்டியவர் அவருடைய மகனே! தேர் துள்ளியதில் மகன் முன்புறமாகத் தூக்கி எறியப்பட்டார். மோவாயில் காயத்துடன் பிழைத்தார். அப்பந்தயத்தின் படப்பிடிப்பில் எவரும் உயிரிழக்கவில்லை. தம் மகனை விலக்கி வைத்துவிட்டுப் பிறர் மக்களை ஆபத்திற்கு அனுப்பாத நேர்மையை இதில் காண்கிறோம்.

1967-இல் ஆஸ்கர் விழாவில் அவருக்குச் சிறப்பு விருது அளித்தபோது, அவரது சாகசங்களோடு இப்பாதுகாப்புக் கருவிகளையும் குறிப்பிட்டே அளித்தனர். எனினும் இத்தொழிலுக்கென்று தனி விருது வழங்கும் முடிவை அந்த அமைப்பு அறிவித்தது 2025-இல்தான். முதல் விருது 2028-இல் வழங்கப்பட உள்ளது. 1929-இல் விருது வழங்கத் தொடங்கியவர்களுக்கு, விழுபவர்களைக் காண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது!

பார்வையாளராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. வாட்போர் அரங்கிற்கு நண்பர்களால் இழுத்துச் செல்லப்பட்ட அலிப்பியுசு, கண்களை மூடி அமர்ந்திருந்து, கூட்டத்தின் கூச்சலைக் கேட்டுக் கண் திறந்ததும் அவ்வெறிக்கு அடிமையானதைப் புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புரவு' நூலில் விவரிக்கிறார். பார்ப்பது வெறும் பார்வையோடு நிற்பதில்லை. நாம் விரும்பிக் காண்பதையே பிறர் உயிரைப் பணயம் வைத்துச் செய்ய நேர்கிறது. ஆகையால் வியப்பை விட்டுவிட வேண்டியதில்லை. அந்த வியப்போடு, விழுந்தவர் எழுந்தாரா என்று கேட்கும் அக்கறையும் சேர வேண்டும்.

அக்கேள்வி திரையரங்கோடு முடிவதன்று. நம் திருவிழாத் தேரின் அடியில் கட்டை போடுபவர், பந்தல் உச்சியில் விளக்குக் கட்டுபவர், பாதாளச் சாக்கடையில் இறங்குபவர் எல்லாரும் நமக்காக ஆபத்தை ஏற்பவர்களே. இறைவன் அவர்களை மறைவிலும் காண்கிறார் என்பது நம் விசுவாசம். அந்த விசுவாசத்தைச் சொல்லிக்கொண்டே அவர்களைக் காணாதிருக்க நமக்கு உரிமையில்லை.