போகும் முன்னே சொல்லி வையுங்கள்

அய்யாவின் அன்புக்கொடி மக்களே! சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நல்ல நாளும் பொழுதுமா இது என்ன பேச்சு" என்று வீட்டில் வாயை அடைத்துவிடுவார்கள். நம் வழியில் அது ஒளிக்க வேண்டிய பேச்சல்ல. நாம் உடலை எரிப்பதில்லை, பெட்டியில் அடைப்பதில்லை. சம்மணமிட்டு வடக்கு முகமாக இருத்தி, திருநாமம் இட்டு, மண்ணால் மூடுகிறோம். தர்மயுகம் பிறக்கும்வரை அந்த ஆத்மா தவத்தில் இருப்பதாக நம்புகிறோம். தவத்துக்கு உட்காரப் போகிறவர் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லி வைத்தால் என்ன?

உயிர் பிரிந்து 2, 3 மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும். சுமார் 12 மணி நேரத்தில் முழுவதும் விறைத்துவிடும். அதற்குள் குளிர்பெட்டி வந்துவிடுகிறது, படுத்த வாக்கில் கிடத்திவிடுகிறார்கள். துபாயில் இருக்கும் மகன் வந்துசேர இரண்டு நாளாகிறது. பிறகு இருத்தப் பார்த்தால் கால் மடங்காது. பிள்ளைக்கு முகம் பார்க்கும் ஆசை இருக்கத்தானே செய்யும், அவனைக் குறை சொல்ல முடியாது. "மகன் வராவிட்டாலும் அன்றைக்கே இருத்துங்கள்" என்றோ, "அவன் வந்து பார்க்கட்டும், நான் படுத்தபடியே போகிறேன்" என்றோ போகிறவர்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவதைச் சொன்னால் அய்யா கோபிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் போனால்தான் பிள்ளைகள் பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

இடமும் அப்படியே. சொந்தத் தோப்பில் அடக்கம் என்று நினைத்திருப்பவர்கள் ஊராட்சியில் இப்போதே கேட்டு வையுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்கச் சொல்லி வழக்குகள் நடந்திருக்கின்றன.

அடக்கத்துக்குக் குழி வெட்ட ஆள், துணி, நாமம் இவ்வளவு போதும். பூப்பல்லக்கு, செண்டை, வெடி, தெருவெல்லாம் பிளக்ஸ், பிறகு ஊர் மெச்ச அடியந்திரச் சாப்பாடு, இதெல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டவை. காணிக்கையும் பலியும் வேண்டாம் என்ற அய்யாவின் மக்கள் வட்டிக்கு வாங்கி வெடி போடுகிறோம்! துக்க வீட்டில் யாரும் விலை பேச மாட்டார்கள் என்பது வாடகைக்குக் கொடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அழுதுகொண்டிருப்பவரை விட்டுவிட்டு மைத்துனரோ சித்தப்பா மகனோ பேசட்டும். குளிர்பெட்டி வாடகை நாளுக்கா மணிக்கா, வண்டிக்குத் திரும்பும் தூரமும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தால் 155377 என்ற எண்ணுக்குச் சொன்னால் இலவச அமரர் ஊர்தி வரும். டிரைவருக்குப் பணம் தர வேண்டியதில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் பில் தகராறு என்றாலும் உடலைத் தடுத்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. இது தெரியாமல் தாலியை அடகு வைக்க ஓடாதீர்கள்.

மரணத்தை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்திட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்கினால் செல்லும். சாட்சிகள் சொத்தில் பங்கில்லாதவர்களாக இருப்பது நல்லது. அடக்கம் எப்படி என்பதை உயிலுக்குள் எழுதி அலமாரியில் பூட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் அடக்கம் முடிந்த பிறகுதான் உயிலைப் பிரிப்பார்கள். அதைத் தனித் தாளில் எழுதி மூத்த பிள்ளையிடம் ஒன்று, உங்கள் தாங்கல் பணிவிடைக்காரரிடம் ஒன்று கொடுங்கள்.

அய்யா உண்டு.