தனிக்குவளை

நாம் அஞ்சுவது நோயையா, நோயாளியையா? 1986-ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால், எச்.ஐ.வி. கிருமி இந்திய மண்ணில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நாள்தொட்டு இவ்வினா நம்முன் நிற்கிறது.

காற்றில் பரவும் சளிக்காய்ச்சலோடு வரும் விருந்தினரை அருகமர்த்தி உணவு படைக்கிறோம். உதட்டோரம் ஹெர்ப்பீஸ் கொப்புளம் தோன்றினால் ‘உடற்சூடு’ என்று சிரித்து ஒதுக்குகிறோம். அதே கிருமி மறைவிடத்தில் தோன்றினாலோ குடும்ப மானமே போயிற்று எனப் பதறுகிறோம். இடந்தான் மாறிற்று, கிருமி மாறவில்லை!

எச்.ஐ.வி. தொடுவதாலோ, உடனுண்பதாலோ, கொசுக்கடியாலோ பரவுவதன்று. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுற்ற இரத்தம், ஊசி, தாய்வழி ஆகியனவே அதன் வழிகள். அங்ஙனமிருந்தும் நோயுற்றவர் வீட்டில் தனிக்குவளை ஒன்று முளைத்துவிடுகிறது. அது கிருமியைத் தடுப்பதற்கன்று. ‘இவர் தவறியவர்’ என அறிவிப்பதற்கே. தனிக்குவளையின் பொருளைத் தமிழர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. அதனை நாள் தவறாது உட்கொண்டு, சோதனையில் கிருமி தென்படாத நிலையை எய்தி, அதில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவாலும் நோய் பரவுவதில்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நோயைக் காட்டி வாடகை வீடு மறுப்பதைத் தடுக்கிறது. மொழியறியா நகரில் வீடு தேடி அலைந்த நமக்கு, மூடிய கதவின் முன் நிற்றல் எத்தகையதெனத் தெரியும்.

எனினும் சட்டம் அடுக்களை வரை வருவதில்லை. ஊரிலிருந்து மருத்துவத்திற்கென வந்து நம்மோடு தங்கும் உறவினருக்கு, நாம் அருந்தும் குவளையிலேயே காப்பி தருவோமா?