அவளுக்கு மட்டும் ஏன்?

"நாங்களும் இதே வீட்டில்தானே இருக்கிறோம்? எங்களுக்கு ஒன்றும் இல்லையே!" என்ற வாதம் கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! எட்டுப் பேர் ஒரு பக்கம், மூச்சு முட்டுகிற ஒருத்தி ஒரு பக்கம். தலையை எண்ணித் தீர்ப்புச் சொல்லலாம் என்றால் அவள் தோற்றவள்தான்.

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சாவூர்ச் சீமையில் ஈரம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் ஏறும். வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், கொல்லைக் கிணற்றில் எட்டித் தொடுகிற உயரத்தில் தண்ணீர். செங்கல் சுவர் அதை இடுப்பளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். ஓதம் ஏறியிருக்கிறது என்பார்கள். அதன்மேல் கறுப்பாகவும் பச்சையாகவும் பூசணம் பூக்கும். பழைய வீடுகளில் முற்றம் இருந்தது. வெயிலும் காற்றும் வந்து போயின. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது. காரைச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டும்விடும். இப்போது பல வீடுகளில் முற்றத்துக்கு மேல் தகரம் போட்டு, சுவரைச் சிமெண்டால் பூசி, பளபளவென்று பெயிண்டும் அடித்தாகிவிட்டது. ஈரம் போக வழியில்லாமல் பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாக எழுப்புகிறது.

குடமுருட்டிக் கரையில் என் உறவினர் வீடு இப்படித்தான். மருமகளுக்கு இரண்டாங்கட்டில் ஓர் அறை. முதல் மழைக்காலத்தில் வறட்டு இருமல். அடுத்த வருஷம் சாயங்காலக் காய்ச்சலும் இரவில் இழுப்பும் சேர்ந்துகொண்டன. காசமோ என்று சளியைப் பரிசோதித்தார்கள், இல்லை. "அந்தச் சுவர் வாடைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றாள் அவள். மாமியார் பொல்லாதவள் அல்ல. ராத்திரி எழுந்து கஷாயம் போட்டுக் கொடுத்தவள். ஆனால் சுவர் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"நாலு தலைமுறை பிறந்து வளர்ந்த வீடு. சுவர் உன்னை என்னடி பண்ணும்?"

பிறந்த வீட்டுக்குப் போனால் ஒரு வாரத்தில் இருமல் நிற்கும். நோயின் காரணத்தை இதைவிடத் தெளிவாக எந்தச் சாட்சி சொல்லும்? அந்தச் சாட்சியையே அவளுக்கு எதிராகத் திருப்பினார்கள். "பார்த்தாயா, அம்மாவிடம் போனதும் எல்லாம் சரியாகிவிடுகிறது!"

இதில் ஒரு வேடிக்கை. விதைநெல் மூட்டையை அந்த அறையில் வைக்க மாமனார் சம்மதிக்கவே மாட்டார். முளைப்புத்திறன் போய்விடுமாம்.

நெல்லின் ஈரத்தை யாரும் மனப்பிரமை என்று சொல்வதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஒரு கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டுப் பார்க்கிறார்கள். 17 சதவிகிதத்தைத் தாண்டினால் தகராறுதான். அடைமழையில் விளைச்சல் நனைந்த சில வருஷங்களில் அரசாங்கம் அந்த வரம்பைத் தளர்த்தியதும் உண்டு. மனுஷியின் மார்புக்குள் ஏறும் ஈரத்துக்கு அப்படி வீட்டில் வைத்துப் பார்க்கக் கருவி ஏது? அவள் வாய்வார்த்தைதான் இருக்கிறது.

ஜப்பானில் வெக்கையும் புழுக்கமுமான மாதங்களில் வருஷந்தோறும் திரும்பி வரும் ஒரு நுரையீரல் நோய் உண்டு. இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல். குளிர் வந்தால் போய்விடும். நோயாளிகளில் பெரும்பாலோர் வீட்டோடு இருக்கிற குடும்பப் பெண்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தேறிவிடுவார்கள். வீடு திரும்பினால் மறுபடி படுப்பார்கள். ஜப்பானிய டாக்டர்கள் இதை நாடகம் என்று நினைக்கவில்லை. நோயாளியை வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பதையே ஒரு பரிசோதனையாக வைத்துக்கொண்டார்கள். ஈரத்தில் உளுத்த மரத்திலும் பாயிலும் வளரும் டிரைக்கோஸ்போரான் என்ற பூஞ்சைதான் காரணம் என்று 1984-ல் எழுதினார்கள். உளுத்த மரத்தை எடுத்து வீட்டைச் செப்பனிட்டதும் பலருக்கு நோய் திரும்பவில்லை. ஒரே காற்றை எல்லாரும் சுவாசித்தாலும், அதிலுள்ள வித்துக்களைப் பகையாக எடுத்துக்கொள்கிற உடம்பு சிலருக்குத்தான். அந்த அறையில் அதிக நேரம் கிடப்பவர்களும் சிலர்தான்.

எல்லா வியாதியையும் பூசணத்தின் தலையில் கட்டவும் கூடாது. 2004-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று இருமலுக்கும் இழுப்புக்கும் ஆஸ்துமாத் தொந்தரவுக்கும் ஈர வீட்டோடு தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. மற்றப் பல புகார்களுக்குச் சான்று போதாது என்றது. ஆகவே அவள் சொல்கிற காரணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி யாரும் குடும்பத்தைக் கேட்கவில்லை. மூச்சு முட்டுவது நிஜம் என்று வைத்துக்கொண்டு, கட்டிலைப் பத்து நாள் வேறிடத்தில் போட்டுப் பார்க்கலாமே? அதற்குக்கூட மனசு வராததற்கு அறியாமை காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வீடு என்பது தாத்தா. அதன்மேல் குற்றம் சொல்பவள் நேற்று வந்தவள். அவளை நம்பினால், இரண்டு வருஷம் அவளை அங்கே படுக்க வைத்தது யார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். அதற்குப் பயந்துகொண்டுதான், நல்ல மனிதர்களும் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடுகிறார்கள்.

கடைசியில் அவள் புருஷன், மின்விசிறி கெட்டுவிட்டது என்று ஒரு சாக்குச் சொல்லிக் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினான். அந்தக் கார்த்திகையில் அவள் படுத்தால் தூங்கினாள். புது மாத்திரை கேட்டிருக்கிறது என்றார்கள் வீட்டில். அவனும் மறுத்துச் சொல்லவில்லை. கோழை என்று அவனைச் சொல்லலாம். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி என்று அந்த வீட்டில் இன்றுவரை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அது அவளுக்கு வலிக்கிறது.

அவர்களுக்காவது கட்டிலை நகர்த்த ஒரு கூடம் இருந்தது. கூலிவேலை செய்பவர்களின் தொகுப்பு வீடுகளில், காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிற கூரைக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அறை. அங்கே ஒருத்தி இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினால், வீட்டில் அத்தனை பேரும் அவளை நம்பினாலும், பாயை எங்கே எடுத்துப் போடுவார்கள்?